ஓர் அளவு பெரிது

ஜூலை 1, செவ்வாய்

காலையில், இட்லியைத் தேங்காய்ச் சட்னியில் புரட்டியபடி, என் தங்கை ஹெப்சிபா தான் ஸ்கேட்டிங் பழகப்போவதாக அறிவித்தாள். அவளுக்கு வயது அறுபத்தாறு. படியேறும்போது அவளுடைய இடது முழங்கால் அப்பளம் நொறுங்குவதுபோல் ஓசை எழுப்பும். பூங்காவின் பின்புறத்துச் சிமெண்டுத் தளத்தில் பெரியவர்களுக்கென்று மாலை வகுப்பு தொடங்கியிருக்கிறார்களாம். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாரோ துண்டறிக்கை கொடுத்திருக்கிறார்கள். கோயில் வாசலில் எதை வேண்டுமானாலும் விநியோகிக்கலாம் என்று ஆகிவிட்டது.

கைப்பேசியில் படம் காட்டினாள். பூட்ஸின் அடியில் நான்கு சக்கரங்கள் ஒரே வரிசையில், வெளியே தெரியும் முதுகெலும்பு போல. இன்லைன் ஸ்கேட் என்று பெயராம். பழைய காலத்து நாற்சக்கர ஸ்கேட்டாவது மேசைபோல நாலு காலில் நிற்கும். இது கத்தியின் விளிம்பு.

"இதுல எப்பிடிட்டி நிப்ப?" என்று கேட்டேன்.

"நிக்கத்தான் படிச்சுத் தாராங்க. ஓடுறதெல்லாம் பொறவு" என்றாள்.

அவள் கணவர் இறந்தபின், ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவதாகச் சொல்லி இரண்டு பெட்டிகளோடு இந்த வீட்டுக்கு வந்தவள். மூன்று வருடமாகிறது. அவளுடைய மகள் பெர்சிஸ், பெங்களூருக்கு வந்துவிடும்படி வாரந்தோறும் தொலைபேசியில் நச்சரிக்கிறாள். ஈஸ்டர் சமயத்தில் இவள் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது பெர்சிஸ் ஒரு விதி வகுத்தாள்: இன்னொரு முறை விழுந்தால் காரோடு வந்து நிற்பாள், மறுபேச்சு கிடையாது. ஹெப்சிபாவும் தலையாட்டினாள்.

பெர்சிஸ் சொல்வது நியாயமே. ஹெப்சிபா போய்விட்டால், அவளுடைய அறையின் வடக்குச் சுவர் முழுவதும் புத்தக அலமாரி அடிக்கலாம். இன்று மதியம் அவள் தூங்கும்போது நாடா வைத்து அளந்தேன்.

ஜூலை 3, வியாழன்

விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு அலையப்போகிறவள் நான். ஆகையால் பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். வேறு காரணம் இல்லை.

காலை முழுவதும் இணையத்தில் படித்தேன். விற்பவர்களின் மொழி குமட்டுகிறது. 'உங்கள் கனவின் சிறகுகள்' என்கிறான் ஒருவன். காலணி விற்பவன் காலணியைப் பற்றிப் பேசினால் என்ன குறைந்துவிடும்? குப்பையைக் கிளறியதில் தேறியது இவ்வளவுதான்: புதிதாகப் பழகுபவர்களுக்குச் சிறிய சக்கரம் போதும், பெரியது வேகமெடுக்கும். சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங்குக்கு அவர்கள் போடும் உயர்ந்த எண்களெல்லாம், எருமையைவிட மெதுவாகப் போகப்போகிறவளுக்குப் பொருளற்றவை. வலது பூட்ஸின் குதிகாலில் ஒரு ரப்பர்க் கட்டை இருக்கும், அதுதான் பிரேக். அது அழகைக் கெடுக்கிறதென்று கழற்றி எறிபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய படங்களில் பற்கள் குறைவாக இருந்தன.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கணுக்காலைப் பிடிக்கும் பகுதி. அது கெட்டியாக இருக்க வேண்டும். பாதத்தின் பின்பாதி என்பது ஏழு சிறு எலும்புகள் தங்களுக்குள் செய்துகொண்ட சமரசம். அந்தச் சமரசம் ஹெப்சிபாவின் விஷயத்தில் எந்த நிமிடமும் முறியலாம்.

மதியம் நெத்திலி ஆய்ந்தேன். மீன்காரி பழசைத் தலையில் கட்டியிருக்கிறாள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கிய ஹெப்சிபாவைச் சொல்ல வேண்டும். குடல் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஓய்வுபெறும் வரை விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் தவளைகளோடும் ஃபார்மலினோடும் புழங்கியவள் நான்; எதற்கும் முகம் சுளிக்கமாட்டேன் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன்.

ஜூலை 5, சனி

பாளையங்கோட்டையை அடுத்த வண்ணாரப்பேட்டையில் புதிதாகத் திறந்திருக்கும் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். ரப்பர் நாற்றத்தை மறைக்க மல்லிகை வாசனை அடித்திருந்தார்கள். இரண்டும் கலந்து, பிணத்துக்குப் பூப்போட்ட அறைபோல் இருந்தது.

விற்பனையாளர் கழுத்துப்பட்டை கட்டிய, வழுக்கை விழுந்த ஆள். நாற்பதைத் தாண்டியவர் எங்களை 'ஆன்ட்டி' என்றார். பேரப்பிள்ளைக்கா என்று விசாரித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், சக்கரத்தில் விளக்கெரியும் ஒரு பொம்மையை எடுத்து வைத்தார். பொத்தானை அழுத்தினால் நீளுமாம். பிள்ளை வளர வளர இழுத்துக்கொள்ளலாமாம். போடப்போகிறவள் எதிரில் நிற்கிறாள், அவள் இனி வளரமாட்டாள் என்று தெரிவித்தேன். சிரித்துவிட்டு, யாராவது ஒளித்துவைத்துப் படம் பிடிக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

அடுத்து நடந்ததை எழுதவே கூசுகிறது. மேசை இழுப்பறையிலிருந்து ஒற்றைச் சாக்ஸ் ஒன்றை எடுத்து ஹெப்சிபாவிடம் நீட்டினார். சாம்பல் நிறம், பிறக்கும்போது வெள்ளையாக இருந்திருக்கலாம். போட்டுப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரே சாக்ஸ்தானாம். ஊரிலுள்ள பாதங்களின் வியர்வையும் பூஞ்சையும் அதில் வண்டல்போல் படிந்திருந்தன. நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம். ஹெப்சிபா கை நீட்டிவிட்டாள்! நான் அவள் கையைத் தட்டிவிட்டு, பையிலிருந்து புதிய பருத்திச் சாக்ஸை எடுத்துக் கொடுத்தேன்.

கெட்டிப் பூட்ஸ் ஒன்று தேறியது. கறுப்பு நிறம், விளக்கு இல்லை, கணுக்காலைச் சுற்றித் தாழ்ப்பாள் போன்ற பிடிப்பு, குதிகாலில் பிரேக். குதிகால் எலும்பைப் பூட்ஸ் எப்படிக் கவ்வ வேண்டும் என்று அவருக்கு விளக்கினேன். பில் புத்தகத்தைப் புரட்ட எச்சில் தொட்ட அதே கட்டைவிரலால் அவர் ஹெப்சிபாவின் பூட்ஸை அமுக்கிப் பார்த்தார். ஐந்தாம் எண்.

"விரல் முன்னால தொடுதுக்கா," என்றாள் ஹெப்சிபா. "நேரா நிக்கும்போது தொடணும், முட்டிய மடக்கினா பின்னால போவணும்னு வீடியோல சொன்னாங்க. சரியாத்தான் இருக்கு."

"சாயங்காலம் ஒனக்குக் கால் வீங்கும். ஒரு சைஸ் பெரிசா எடு" என்றேன்.

விற்பனையாளர் உடனே ஆமோதித்தார். வாங்க வந்தவர் சொல்வதை ஆமோதிப்பதுதான் அவர் கற்ற கல்வி. ஹெப்சிபா ஒருகணம் ஐந்தாம் எண்ணைப் பார்த்தாள். பிறகு கழற்றிக் கொடுத்துவிட்டாள். காலணி விஷயத்தில் அவள் என்னோடு வாதிட்டதே கிடையாது.

முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் கவசங்களும் வாங்கினோம். வெளியே வந்ததும் ஹெப்சிபா பூட்ஸ் பெட்டியைக் குழந்தைபோல இடுப்பில் வைத்துக்கொண்டாள். என் செருப்பு வழக்கம்போல் குதிகாலில் சளக்சளக்கென்று அடித்தது. எல்லாச் செருப்பும் அப்படித்தான் அடிக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

பிரசங்கம் நீளம். பின்வரிசையில் ஒருவர் பிரசங்கம் முழுவதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஆசீர்வாதம் வரை தீரவில்லை.

மதியம் பூட்ஸின் முனைகளில் பஞ்சு அடைத்தேன். அப்பாவின் முறை. ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளிக்கூட ஷூவை ஓர் அளவு பெரிதாகத்தான் எடுப்பார். புதிதில் முனையில் பஞ்சு வைத்து நான் போடுவேன். கால் வளர்ந்ததும் பஞ்சை எடுத்துவிடுவேன். நான் அடுத்த ஷூவுக்குப் போனதும் பழையது ஹெப்சிபாவுக்கு, மறுபடியும் பஞ்சோடு. சிக்கனமான, யோசித்து வகுக்கப்பட்ட முறை. பெர்சிஸ் போன்றவர்கள் வாங்குவதும் எறிவதுமாக இருக்கிறார்கள்.

பஞ்சை உருட்டி அமுக்கும்போது கை தானாகவே வேலை செய்தது.

ஜூலை 8, செவ்வாய்

முதல் வகுப்பு. தளத்தைச் சுற்றிலும் சிமெண்டு இருக்கை. நான் உட்கார்ந்த இடத்தின் அடியில் யாரோ மென்று ஒட்டிய சூயிங்கம் இருந்தது. கை பட்டபின்தான் தெரிந்தது. அது இன்னும் ஈரமாக இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

மொத்தம் பதினைந்து பேர் இருப்பார்கள். தொந்தியைக் குறைக்க வந்த வங்கி ஊழியர்கள், கல்லூரிப் பெண்கள், என் தங்கை. பயிற்சியாளர் முதலில் விழக் கற்றுத்தந்தார். முன்னால் விழ வேண்டும், கவசத்தின் மேல் விழ வேண்டும், பின்பு எப்படி எழ வேண்டும். மக்கள் பணம் கட்டி விழுந்தார்கள்.

பிறகு தளத்தோரக் கம்பியைப் பிடித்து நிற்கச் சொன்னார். ஹெப்சிபாவின் கணுக்கால்கள் இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்தன, அப்போதுதான் பிறந்த கன்றுக்குட்டியின் கால்கள்போல. பயிற்சியாளர் லேஸை இறுக்கச் சொன்னார். இறுக்கினாள். மறுபடியும் சாய்ந்தன. இறுக்கிய இடத்தில் வீடு திரும்பும்போது சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

பூட்ஸ் தரக்குறைவானது. கடைக்கு எழுத வேண்டும்.

ஜூலை 9, புதன்

மோட்டார் ஓடவில்லை. தொட்டியின் அடியில் செத்த பல்லி.

ஜூலை 11, வெள்ளி

ஹெப்சிபா இன்று கம்பியை விட்டுவிட்டாள்.

தள்ளாடி, கைகளைப் பிசின்போல் காற்றில் ஒட்டி ஒட்டி எடுத்து, ஒரு தென்னைமர நீளம் போனாள். பிரேக் போடத் தெரியாமல் சுவரில் போய் மோதி நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். முகம் சகிக்க முடியாத அளவுக்கு மலர்ந்திருந்தது. அந்த முகத்தை எப்போது கடைசியாகப் பார்த்தேன் என்று யோசித்தேன். அவளுடைய கல்யாணத்துக்கு முன்பாக இருக்க வேண்டும். இதெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை.

பக்கத்தில் ஒரு பெண் கைப்பேசியில் அவளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "சோ க்யூட்ல்ல இந்தப் பாட்டி?" என்று என்னிடமே கேட்டாள். தொடக்கப் பள்ளியில் இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு கற்பித்துவிட்டு, கணவனுடைய மலஜலம் எடுத்து வழியனுப்பிவிட்டு, ஒரு மனுஷி கடைசியில் எய்தும் பட்டம் 'க்யூட்'. ஒரு பூனைக்குட்டிக்குக் கொடுப்பது. எடுத்ததை அழித்துவிடும்படி கேட்டேன். அழித்ததாகச் சொன்னாள்.

வரும் வழியில் ஹெப்சிபா தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடித்தாள். டம்ளரைக் கழுவும் வாளியில் தண்ணீர் சாக்கடை நிறத்தில் இருந்தது. நான் தொடவில்லை. ஒரு வாய்தான்.

ஜூலை 15, செவ்வாய்

விழுந்துவிட்டாள்.

கம்பியிலிருந்து மெதுவாகத்தான் நகர்ந்தாள். வலது கணுக்கால் பூட்ஸுக்குள்ளேயே திரும்பியது. பூட்ஸ் நேராக நிற்க, உள்ளே கால் மட்டும் புரண்டதை இருக்கையிலிருந்தே பார்த்தேன். மணிக்கட்டுக் கவசத்தின் மேல் முறையாக விழுந்தாள். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

நான் தளத்துக்குள் போனேன். செருப்போடு உள்ளே வரக்கூடாது என்று எவனோ கத்தினான்.

ஜூலை 16, புதன்

எலும்பு முறியவில்லை, தசைநார் இழுபட்டிருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் நீரில் எதைக் கலக்கிறார்களோ, இன்னும் என் சேலையை விட்டுப் போகவில்லை. அவளுடைய கால் வேகவைத்த சேப்பங்கிழங்கு போல் இருக்கிறது. பெர்சிஸிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

ஜூலை 17, வியாழன்

பெர்சிஸுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பூனைக்குட்டிக்காரிதான். வெள்ளிக்கிழமை எடுத்ததை அழிக்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமை விழுந்ததையும் எடுத்துச் சேர்த்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள். அது சபையின் வாட்ஸ்அப் குழுவைச் சுற்றிவிட்டு, கீழே அழுகிற மஞ்சள் முகங்களோடு பெங்களூர் சேர்ந்திருக்கிறது.

பெர்சிஸ் என்னிடம்தான் பேசினாள். நான் படித்தவளாம், நானாவது தடுத்திருக்கலாமாம். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, சனிக்கிழமை காரோடு வருவதாகவும் இந்த முறை அம்மாவைக் கூட்டிக்கொண்டுதான் போவதாகவும் சொன்னாள். நியாயம்தான் என்றேன்.

உடனே தச்சருக்குத் தொலைபேசி செய்தேன். நாளைக் காலை வந்து சுவரைப் பார்ப்பார்.

ஜூலை 18, வெள்ளி

காலையில், கடையில் திருப்பிக் கொடுப்பதற்காகப் பூட்ஸைத் துடைத்தேன். உள்ளே கைவிட்டபோது நான் அடைத்த பஞ்சு விரலில் தட்டுப்பட்டது. வியர்வையில் ஊறி, கெட்டியாகி, ஆந்தை கக்கிய உருண்டைபோல் வந்தது. முகர்ந்திருக்கக்கூடாது. பஞ்சு இருந்த இடம் போக மீதியைக் கையால் அளந்து பார்த்தேன். அகலத்தில் அவள் கால் நீந்துவதற்கு இடம் இருந்தது. பஞ்சு முன்னால்தான் அடைக்கும். கணுக்காலை ஏழு பஞ்சு மூட்டை வைத்தாலும் பிடிக்காது. இதை முதலாண்டு மாணவி சொல்வாள்.

கடைக்கு எழுதப்போவதில்லை.

தச்சர் வந்தார். ஹெப்சிபா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் நாடாவை எடுத்து அவள் தலைக்குமேல் சுவரில் பிடித்தார். அவள் சற்றுக் குனிந்து வழிவிட்டாள். தேக்கு விலையைக் கேட்டுவிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். இந்த விலைக்கு யார் வாங்குவார்கள்?

தச்சர் போனதும் அவளிடம் அளவு விஷயத்தைச் சொன்னேன். ஐந்து சரியாக இருந்தது; ஆறு எடுத்தது தவறு. இரண்டே வாக்கியம்.

அவள் ஒரு ரவிக்கையை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அங்கயே தெரியும்க்கா," என்றாள். "எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து என் அளவுக்கு ஒரு ஷூ போட்டதில்ல. கல்யாணத்துக்கு எடுத்த செருப்புகூட ஒன் அளவுக்குத்தான் எடுத்தாங்க. பொறவு ஒனக்கு ஒதவும்னு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு உதவவில்லை என்பதும், நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அப்பவே சொல்லித் தொலைக்கக்கூடாதா?" என்றேன்.

"நீயும்தான் ஒண்ணும் சொல்லல."

"நான் என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல," என்று அடுத்த ரவிக்கையை எடுத்தாள்.

ஜூலை 19, சனி

பெர்சிஸ் வந்தாள். கை கழுவும் திரவம், காற்றைச் சுத்தப்படுத்தும் டப்பா, சர்க்கரையில்லாத பிஸ்கட். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அதில் மட்டும் எனக்கு அவள்மேல் மரியாதை உண்டு. நாளைக்கு ஆராதனை முடிந்ததும் கிளம்புகிறார்கள்.

கோழிக்குழம்பு வைத்தேன். உப்புக் கூடிவிட்டது. யாரும் சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஆராதனைக்கு நாங்கள் யாரும் போகவில்லை. பத்து மணிக்குப் பெட்டிகள் காரில் ஏறின. மூன்று வருடத்துக்கு முன் வந்த அதே இரண்டு பெட்டிகள்; இந்த வீட்டில் அவளுக்கு ஒரு சாமானும் கூடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஹெப்சிபா கூடத்து நாற்காலியில், கட்டுப்போட்ட காலை முக்காலியில் வைத்து, கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவள்போல் உட்கார்ந்திருந்தாள். பெர்சிஸ் கதவோரம் கிடந்த ஸ்கேட் பூட்ஸை, எலியின் வாலைப் பிடிப்பதுபோல் லேஸைப் பிடித்து இரண்டு விரலால் தூக்கினாள். குப்பைத்தொட்டி எங்கே என்று கேட்டாள்.

"அதத் தூரப் போடாத. மாத்தணும்" என்றேன்.

"இன்னுமா பெரியம்மா?"

"அளவு தப்பு. மதுரைல ஸ்கேட் மட்டும் விக்கிற கடை ஒண்ணு இருக்கு. விசாரிச்சுட்டேன். கால வச்சு அளந்துதான் எடுக்கணும். வீங்குன கால அளக்க முடியாது. வீக்கம் வடியட்டும்."

பெர்சிஸ் பொறுமைசாலி. அலுவலகத்தில் நிறைய பேரை வைத்து வேலை வாங்குகிறவள். அந்தக் குரலில் பேசினாள். "பெங்களூர்ல அப்பிடிக் கடை தெருவுக்குத் தெரு இருக்கு பெரியம்மா. அம்மாவுக்கு அவ்வளவு ஆசைன்னா, வடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போறேன். வேற என்ன?"

"பெங்களூர்ல நான் இருக்கமாட்டேன்லா" என்றேன்.

இது இருப்பிடம் பற்றிய ஒரு தகவல். அதற்குமேல் அந்த வாக்கியத்தில் எதுவும் இல்லை. பூட்ஸைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை எடுத்தவள் நான். நான் வசிப்பது பாளையங்கோட்டையில். ஆனால் பெர்சிஸ் லேஸைப் பிடித்த கையை அப்படியே நிறுத்திவிட்டாள்.

ஹெப்சிபா சிரிக்கத் தொடங்கினாள். தோள் குலுங்கியது, கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஒழுகியது. பார்க்கவே சகிக்கவில்லை. என் கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் எறிந்தேன். அதில் சத்தமாக மூக்கைச் சிந்தி, மடித்து, என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"பெட்டிய எறக்கச் சொல்லு பிள்ள" என்றாள் மகளிடம்.

"அம்மா, மறுபடி விழுந்தா?"

"விழுந்தா எந்திக்கணும். அதத்தான் மொத வகுப்புல சொல்லித் தந்தாங்க."

பெர்சிஸ் சண்டை போட்டாள். நியாயமாகவே போட்டாள். எலும்பு அடர்த்தி, வயது, நான் எத்தனை நாளைக்கு என்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அதற்கும் அவள்மேல் மரியாதை உண்டு. சாப்பாட்டு நேரத்தில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். அளவான பூட்ஸ் கிடைக்க வேண்டும். அம்மா தளத்தில் இருக்கும்போது பக்கத்தில் கை கொடுக்க ஆள் வேண்டும்.

"பெஞ்சில உக்காந்துட்டு இல்ல, பெரியம்மா. தளத்துல. உள்ள."

செருப்புக் கால்களைத் தளத்துக்குள் விடமாட்டார்கள் என்பதை எடுத்துச் சொன்னேன். அதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, நேற்றைய குழம்பில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து மூன்று பேருக்கும் பரிமாறினாள்.

ஜூலை 28, திங்கள்

வீக்கம் வடிகிறது. தைல நாற்றத்தில் வீட்டில் இருக்க முடியவில்லை. ஹெப்சிபாவின் புடவைகளை அலமாரியில் திரும்ப அடுக்கினேன். எல்லாவற்றிலும் பாச்சை உருண்டை வாடை. நன்றாக அடுக்கத் தெரியாதவளுக்கு இரண்டு தட்டு எதற்கு என்று கேட்டுக்கொண்டே மூன்றாவது தட்டையும் ஒழித்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

மதுரை. ரயிலில் எதிரிலிருந்தவர் வேகவைத்த முட்டையை உரித்து, ஓடுகளை ஜன்னல் இடுக்கில் செருகினார். ஹெப்சிபா அவரோடு ஊர்க்கதை பேசி, அவர் கொடுத்த முட்டையைத் தின்றாள்.

கடை ஒரு மாடியில், குறுகலான படிகளுக்கு மேல். படி மூலையில் வெற்றிலை எச்சில் காய்ந்து கிடந்தது. உள்ளே மட்டும் எதிர்பாராத சுத்தம். மல்லிகை இல்லை. ஒருமுறை போட்டுவிட்டு எறியும் மெல்லிய சாக்ஸ்கள் தனித்தனி உறையில் இருந்தன. ஒன்றைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தேன். குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைக்காரப் பெண்மணி பாதம் அளக்கும் தகட்டைக் கொண்டுவந்து குனியப் போனார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று விலக்கிவிட்டு ஹெப்சிபாவின் முன் மண்டியிட்டேன். மண்டி போடுவது எளிதாயிருந்தது. எழுவதைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

அவளுடைய பாதங்களை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. விகாரமானவை. குதிகால் வறண்ட குளம்போல் வெடித்திருக்கிறது. பெருவிரலின் அடியில் எலும்பு புடைத்திருக்கிறது. எல்லா விரல்களும் கொக்கிபோல் கீழ்நோக்கி வளைந்திருக்கின்றன. தளர்ந்த செருப்பு நழுவாமலிருக்க, விரல்களால் கவ்விப் பிடித்தே நடந்து பழகிய பாதம் இப்படித்தான் ஆகும். எந்தப் பாடப் புத்தகத்திலும் இதற்குப் படம் உண்டு.

சாக்ஸ் மாட்டினேன். பூட்ஸைத் திறந்து காலை உள்ளே விட்டு, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, தாழ்ப்பாளைப் போட்டேன்.

"நில்லு. தொடுதா?"

"தொடுது."

"முட்டிய மடக்கு."

"பின்னால போவுது."

"குதிகாலத் தூக்கு."

என் தலையைக் கம்பியாகப் பாவித்துப் பிடித்துக்கொண்டு முயன்று பார்த்தாள். "தூக்க வரலக்கா. பிடிச்சுக்கிட்டு இருக்கு." அவள் உள்ளங்கையில் முட்டை வாடை. அந்தக் கையை என் தலையிலிருந்து எடுக்கச் சொல்வதற்குள் அவள் இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டாள். கணுக்கால்கள் நேராக நின்றன, இரண்டும்.

ஐந்து. பஞ்சு வேண்டாம்.

என்னைத் தரையிலிருந்து தூக்கிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள், அவமானம். நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அளக்கும் தகடு என் காலடியிலேயே கிடந்தது. உட்கார்ந்ததுதான் உட்கார்ந்துவிட்டீர்கள், உங்கள் காலையும் வையுங்களேன் என்றார் கடைக்காரப் பெண்மணி. முன்பின் தெரியாத ஆயிரம் பேரின் வெறுங்கால் பட்ட தகடு. இதைவிட அருவருப்பான ஒரு யோசனையை என் வாழ்நாளில் கேட்டதில்லை என்று அவரிடம் தெளிவாகச் சொன்னேன். ஹெப்சிபா கண்ணாடி முன் நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தாள்.

என் அளவு ஏழு என்றுதான் இத்தனை காலமும் எல்லாக் கடைகளிலும் சொல்லி வந்திருக்கிறேன்.

ஆறு. இடது கால் சற்றே பெரிது.